ஓரத்தில் ஒரு கால்

அக்டோபர் 4

குல்சும்,

நீ போனை எடுப்பதில்லை. ஏன் என்று துர்சுனிடம் கேட்டேன். அவன் மினிபஸ்ஸைத் தேநீர்க் கடை வாசலில் நிறுத்தி, இன்ஜினையும் அணைத்துவிட்டு, உள்ளே இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி உன் குரலிலேயே சொல்லிக் காட்டினான்: “போன்ல நான் நாலு கேள்வி கேட்டா அந்த மனுஷன் ‘ம்’முன்னுட்டுக் குதிரை பின்னால போயிடுவாரு. எழுதச் சொல்லு. எழுத்துல ‘ம்’ போட்டு ஏமாத்த முடியாது.” கடையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்வது?

ஆகவே எழுதுகிறேன். மலைக்கு அந்தப் பக்கம் தெவெலியில், உன் அண்ணன் வீட்டில் நீ கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாய். இந்தப் பக்கம் நான் பேனாவோடு மல்லுக்கட்டுகிறேன். துர்சுன்தான் நமக்குத் தபால்காரன். வழியில் பிரித்துப் படிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறான். அவன் சத்தியம் எப்படிப்பட்டது என்று உனக்கும் தெரியும்.

முதல் விஷயம். சாமான் அறைச் சாவி எங்கே?

இதைப் படித்ததும் நீ கடிதத்தைக் கிழிக்கப் போவாய். கிழிக்காதே. என் பக்கத்து நியாயத்தையும் கேள். ஹலூக் ஐயா அங்காராவிலிருந்து நண்பர்களைத் திரட்டிக்கொண்டு வந்திருந்தார். இலையுதிர்கால மாலை வெயிலில் குதிரைகள் ஓடுவதைப் படம் பிடிக்க அவர்கள் வருஷம் பூராவும் காத்திருக்கிறார்கள். வெயில் மஞ்சளாகி, மெத்தென்று ஆகி, குதிரைகளுக்குப் பின்னாலிருந்து தூசியில் பட்டு மின்ன வேண்டும். மந்தையை விரட்டி அந்தத் தூசியைக் கிளப்புவது என் வேலை. நம் பிழைப்பே அதுதான். அன்று பார்த்து மத்தியானம் மழை கொட்டியது. தரை காலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. ராத்திரி பஸ்ஸில் அவர்கள் கிளம்ப வேண்டும். “யாகூப் அண்ணா, தூசி இல்லாம என்ன பண்றது?” என்று குழந்தை மாதிரி கேட்கிறார். நானும் “என் மந்தை கிளப்புற தூசி இந்தச் சமவெளியிலேயே கெடையாது” என்று முதல் நாள்தான் மார் தட்டியிருந்தேன்.

வீட்டுக்கு ஓடினேன். மாவு மூட்டைகள் கண்ணில் பட்டன. அவ்வளவுதான் நடந்தது. துர்சுன் மினிபஸ் கூரைமேல் ஏறி நின்று சல்லடையால் தூவினான். நான் மந்தையை விரட்டினேன். குல்சும், அந்த வெயிலில் அந்த மாவு மிதந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்! ஹலூக் ஐயா சேற்றில் படுத்தபடி அழுதுவிட்டார். “இது என்ன மண்ணுண்ணா? வேற எங்கயும் இப்படி மினுங்கலையே!” என்றார். “எங்க ஊரு மண்ணு” என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அவர் மறுபடியும் வருகிறார். அதே மண் வேண்டுமாம். சாமான் அறையில் இன்னும் இரண்டு மூட்டை இருப்பது எனக்குத் தெரியும். சாவியைத் துர்சுனிடம் கொடுத்தனுப்பு. கம்பளிக் காலுறைகள் எங்கே இருக்கின்றன என்றும் எழுது.

யாகூப்


அக்டோபர் 8

யாகூப் அவர்களுக்கு,

சாவி என் பையில் இருக்கிறது. பையைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குகிறேன்.

சாவி கேட்டு எழுதுவதற்கு உங்களுக்கு எவ்வளவு தைரியம் என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகுதான் புரிந்தது, அது தைரியமில்லை. நீங்கள் செய்தது என்ன என்பதே இன்னும் உங்கள் மண்டையில் ஏறவில்லை. ஏற்றுகிறேன்.

மறுநாள் காலை நம் வீட்டில், குளிர்காலம் முழுக்கத் தின்ன மெல்லிசாகச் சுட்டு அடுக்கும் யுஃப்கா ரொட்டி தேய்க்கும் முறை. தெருப்பெண்கள் எல்லோர் வீட்டுக்கும் போய் நான் முதுகு ஒடியத் தேய்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன். என் முறை வந்தது. விடிந்ததும் எல்லோரும் பலகையும் உருட்டுக்கட்டையுமாக, பாவாடை ஓரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். வாசலில் அடுப்பு எரிகிறது. நான் மூட்டையை எடுக்க உள்ளே போகிறேன். மூட்டை இல்லை. சல்லடையும் இல்லை.

“எங்கேடி மாவு?” என்றாள் பெத்ரியே.

அவளே தேடிக்கொண்டு ஓடைப் பக்கம் போனாள், எல்லோரும் பின்னால் போனார்கள். அங்கே தரை வெள்ளைப் பசையாகக் கிடந்தது. குளம்புத் தடம் ஒவ்வொன்றிலும் மாவு குழைந்து நின்றது. ஊர் நாய்கள் நக்கிக்கொண்டிருந்தன. என் அப்பா விட்டுப்போன வயலில் நான் நின்று அறுத்த கோதுமை அது. யாரோ ஒருத்தி சொன்னாள்: “அடுப்ப இங்கயே தூக்கிட்டு வாங்கடி, நல்லாத்தான் பெசஞ்சு வச்சிருக்காரு.” அவர்கள் சிரித்த சிரிப்பு மலையில் பட்டுத் திரும்பி வந்தது. உருட்டுக்கட்டைகளை அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு சாமான் அறையில் இருந்த இரண்டு மூட்டையைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை, பூட்டிவிட்டேன். நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள்? தேநீர்க் கடையில் உட்கார்ந்து போன் திரையில் அந்த மாவுப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கிளம்பும்போது நான் சொன்னது நினைவிருக்கிறதா? “மாவு போகட்டும். ஆனா எம் மருதாணிக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் திரும்பியே பாக்கமாட்டேன்.” அந்தக் குதிரையை என் அப்பா எனக்குக் கொடுத்தார், உங்களுக்கில்லை. மருதாணி வைத்த கை நிறத்தில் பிறந்தாள் என்று நான்தான் பெயர் வைத்தேன். உங்கள் மந்தையோடு மேய்கிறாள், அவ்வளவுதான். அவளை இந்த வாரமே தெவெலிக்கு அனுப்பிவையுங்கள். அண்ணன் கொட்டகையில் இடம் இருக்கிறது. மாவைத் தூசியாக்கிய ஆள் நாளைக்கு எதை என்னவாக்குவார் என்று யாருக்குத் தெரியும்?

காலுறைகள் காலுறைப் பெட்டியில் இருக்கின்றன.

குல்சும்


அக்டோபர் 13

குல்சும்,

காலுறைப் பெட்டி எது என்று எழுதவில்லை. எல்லாப் பெட்டியையும் திறந்து பார்த்தேன். ஒன்றில் உன் கல்யாணத் துணி, ஒன்றில் பழைய திரைச்சீலை, மீதியிலெல்லாம் அந்துருண்டை.

ஹலூக் ஐயா வந்துவிட்டுப் போனார். மழை விட்டு இப்போது தரை நன்றாகக் காய்ந்திருக்கிறது. நிஜத் தூசியைக் கிளப்பிக் காட்டினேன். மனிதருக்குப் பிடிக்கவில்லை. “போன தடவ மினுங்குன மாதிரி இல்லையேண்ணா” என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். ஓடையோரம் போய்க் குனிந்து குனிந்து தேடினார். ஒரு குளம்புத் தடத்தில் காய்ந்து கிடந்த வெள்ளைக் கட்டி ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, “எனக்குத் தெரிஞ்ச மண் ஆராய்ச்சிக்காரர் ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்டக் குடுத்துப் பாக்குறேன்” என்கிறார். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர்களைச் சமாளிப்பது உனக்கு விளையாட்டாகத் தெரிகிறது. சூரியன் சமவெளி ஓரத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கொஞ்ச நேரம். அதற்குள் மந்தை இடமிருந்து வலமாக ஓட வேண்டும், அப்புறம் வலமிருந்து இடமாக ஓட வேண்டும். நான் நடுவில் குதிரைமேல், தொப்பியோடு, சாட்டையைத் தூக்கியபடி வர வேண்டும். ஆனால் அவர்களைப் பார்க்கக் கூடாது. “சிரிக்காதீங்கண்ணா, சிரிக்காதீங்க!” என்று ஒருவன் கத்துகிறான். நான் சிரிக்கவில்லை, கண்ணில் தூசி. பின்னால் மலை சிவந்து நிற்கும்போது எல்லோரும் “வெளிச்சம், வெளிச்சம்” என்று கூவுவார்கள். வெளிச்சம் என்ன என் வீட்டு வேலைக்காரனா, கூப்பிட்டால் நிற்க?

மருதாணியை இப்போது அனுப்ப முடியாது. அவள் முன்னால் போனால்தான் மந்தை நகர்கிறது. பருவம் முடியட்டும். அவள் நன்றாக இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள்.

சாவியைப் பற்றி நீ யோசித்தாயா?

யாகூப்


அக்டோபர் 17

யாகூப் அவர்களுக்கு,

எனக்குக் காது குத்தி முப்பது வருஷமாகிறது. மறுபடியும் குத்தாதீர்கள்.

மருதாணி முன்னால் போனால்தான் மந்தை நகர்கிறதாம். எத்தனை வருஷமாக நான் அந்த மந்தையைப் பார்க்கிறேன்? முன்னால் போவது எப்போதும் அந்த ஒற்றைக் காது சாம்பல் கிழவி. மருதாணி நடுவில் நுழைந்துகொண்டு சோம்பேறியாய் வருவாள். அதோடு, “நன்றாகச் சாப்பிடுகிறாள்” என்று நான் கேட்காமலேயே எழுதியிருக்கிறீர்கள். கேட்காத கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லி நான் இதுவரை பார்த்ததில்லை.

துர்சுன் வாயைப் பிடுங்கினேன்.

“மருதாணி எப்படிடா இருக்கா?”

“நல்லா நிக்குதுக்கா.”

“நிக்குதுன்னா?”

“நிக்குது. நாலு காலும் இருக்கு.”

“ஓடலையா?”

“ஓடுற நேரத்துல நான் பாக்கலக்கா.”

“மேயலையா?”

“மேஞ்சிருக்கும்.”

அவன் காது இரண்டும் சிவந்துவிட்டன. நான் கொடுத்த திராட்சைப் பாகு டப்பாவைக்கூட மறந்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டான். துர்சுன் சாப்பாட்டை மறந்து போனதை நீங்கள் எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா?

இங்கே எனக்கு ஒன்றும் பட்டு மெத்தை விரித்து வைக்கவில்லை. நான் சர்க்கரைக் கட்டி எடுக்கும்போதெல்லாம் மெலாஹத் அண்ணியின் கண் என் விரலிலேயே இருக்கிறது. நேற்று வந்தவர்களிடம், “எங்க நாத்தனார் வீட்டுக்காரரு மாவத் தூவிப் படம் எடுக்குறவரு, நாங்கல்லாம் சட்டி பானைய ஜாக்கிரதையா வச்சுக்கணும்” என்கிறாள். அண்ணனும் சேர்ந்து சிரிக்கிறார். ஊர் சிரிப்புக்குப் பயந்து இங்கே வந்தால், சிரிப்பு எனக்கு முன்னால் வந்து இடம் பிடித்திருக்கிறது.

மருதாணி எங்கே? எப்படி இருக்கிறாள்? வெறும் வார்த்தை வேண்டாம். சாட்சி வேண்டும்.

குல்சும்


அக்டோபர் 22

குல்சும்,

சாட்சிதானே கேட்டாய்? இதோ இருக்கிறது.

ஹலூக் ஐயா மறுபடியும் வந்து நேற்றுக்கு முந்தின நாள் எடுத்த படம். கைசேரி நகரத்தில் ஒரு கடையில் கொடுத்து, தடித்த தாளில் அச்சடித்து எனக்கு ஒன்று தந்தார். மடங்காமல் கொண்டுவர வேண்டும் என்று துர்சுனிடம் சொல்லி அனுப்புகிறேன். பார்த்துக்கொள், உன் மருதாணிதான். ஓடையில் தண்ணீர் குடிக்க இறங்கி நிற்கிறாள். பின்னால் நாணல், அதற்கும் பின்னால் மாலை வெயில். பிடரி மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னுகிறது. ராணி மாதிரி நிற்கிறாள். இப்படித் தலை தாழ்த்தி நிற்கும் குதிரையை வாழ்க்கையில் பார்த்ததில்லை என்கிறார் ஹலூக் ஐயா. படத்துக்கு ‘அமைதி’ என்று பெயரும் வைத்துவிட்டார். அங்காராவில் கண்காட்சியில் மாட்டப் போகிறாராம்.

இடது ஓரத்தில் யாருடைய காலோ விழுந்திருக்கிறது. தண்ணீரில் இறங்கிய எவனோ ஒருவன். பெரிய படம் போடும்போது அதை வெட்டிவிடுவாராம்.

இனிமேலாவது நிம்மதியாக இரு. சாவியைப் பற்றி நான் கேட்கவில்லை, பார்த்தாயா?

யாகூப்


அக்டோபர் 24

யாகூப்,

படம் வந்தது. அண்ணி அதை நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்தில் செருகிவைத்தாள். வந்தவர் போனவர் எல்லோரும், “அடடா, என்ன வெளிச்சம், என்ன குதிரை!” என்றார்கள். நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் பார்த்தேன். அப்புறம் கிட்டே போய்ப் பார்த்தேன்.

அவள் ராணி மாதிரி நிற்கவில்லை. வலியில் நிற்கிறாள்.

முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டியிருக்கிறாள். உடம்புப் பாரம் எல்லாம் பின்னங்காலில் இருக்கிறது. முழங்கால் வரைக்கும் தண்ணீர், குளம்பு தெரியாது, இவளுக்கு எங்கே தெரியப் போகிறது என்று நினைத்தாய் அல்லவா? குதிரை குளம்பால் மட்டுமா நிற்கிறது? கண்ணுக்கு மேலே சுருக்கம் விழுந்திருக்கிறது. நாசி இறுகியிருக்கிறது. அவள் தண்ணீர் குடிக்கவே இல்லை, உதடு காய்ந்திருக்கிறது. வெயில் நல்ல வெயில்தான், வலியைக்கூட அழகாகக் காட்டுகிறது. இதற்குப் பெயர் அமைதியாம்!

அந்தக் கால் எவனுடையதோ என்று எழுதியிருக்கிறாய். சுருட்டிவிட்ட கால்சட்டையில் பூப்போட்ட ஒட்டு இருக்கிறது. பழைய திரைச்சீலையை வெட்டி நான் தைத்த ஒட்டு அது. சமவெளியில் பூப்போட்ட ஒட்டோடு வேறு எவன் நடக்கிறான்? மலைப் பனி உருகி வரும் தண்ணீரில், இந்தக் குளிரில், தொடைவரை நனைந்துகொண்டு நீ எதற்காக நிற்கிறாய்?

தானியத்தை அளவுக்கு மீறித் தின்ற குதிரைதான் குளம்புக்குள் வீங்கி இப்படி நிற்கும். அவள் என்ன தின்றாள்? எவ்வளவு தின்றாள்? எப்போது?

எழுது. பூசி மெழுகாமல் எழுது.

குல்சும்


அக்டோபர் 27

குல்சும்,

‘நீ’ என்று எழுதியிருக்கிறாய். கல்யாணமானதிலிருந்து இது முதல் தடவை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எழுதுகிறேன். எடுத்துப்போன மூன்று மூட்டையையும் முழுசாகத் தூவவில்லை. கடைசி மூட்டையில் முக்கால்வாசி மிச்சம் இருந்தது. வாயைக் கட்டாமல், நான் மந்தையைக் காக்கும் நாணல் குடிசை ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, படம் பார்க்கத் தேநீர்க் கடைக்குப் போனேன். காலையில் நீ சொன்னதைக் கேட்டுவிட்டுக் குடிசைக்குத் திரும்பினால், மூட்டைக்குள் தலையை விட்டபடி நிற்கிறாள். முகமெல்லாம் வெள்ளை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன், குல்சும். அந்த நேரத்தில்தான் நீ பையை எடுத்துக்கொண்டு துர்சுன் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தாய்.

முதலில் வயிறு வலித்து உருண்டாள். அது சரியாகிவிட்டது, தப்பித்தோம் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து முன்னங்குளம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது, அடி எடுத்து வைக்கமாட்டேன் என்கிறாள். கால்நடை டாக்டரைக் கூட்டிவந்தேன். ஊசி போட்டார். தானியத்தை நிறுத்து, மெத்தென்ற தரையில் வை, குளிர்ந்த தண்ணீரில் நிறுத்து என்றார். வாசலில் செருப்பு மாட்டும்போது இன்னொன்றும் சொன்னார்: “தரை ஒறஞ்சு கல்லாகுறதுக்குள்ள இது கால ஊணி நடந்தாத்தான் உண்டு. இல்லாட்டி அதச் சித்திரவத பண்ணாதீங்க.” மந்தையைக் குளிர்காலத்துக்குச் சமவெளியில் அவிழ்த்துவிட வேண்டும். பனியைக் குளம்பால் பறித்துத் தின்னத் தெரிந்ததுதான் பிழைக்கும். இவள் குளம்பைத் தரையில் வைக்கவே அழுகிறாள்.

இதை உனக்கு எப்படி எழுதுவேன்? திரும்பியே பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவளிடம் இதைச் சொன்னால் நீ ஒரேயடியாகப் போய்விடுவாய் என்று பயந்தேன். குதிரையும் போய், நீயும் போய், நான் யாரோடு இருப்பேன்? ஹலூக்கோடா?

பகலில் அவள் தண்ணீரில் இறங்குவதில்லை. இழுத்தாலும் வருவதில்லை. சாயங்காலம் மந்தை தண்ணீருக்கு வரும்போதுதான் அவற்றைப் பார்த்துக்கொண்டே மெல்ல மெல்ல இறங்குகிறாள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நிற்க வேண்டும். நான் ஏறிவிட்டால் அவளும் ஏறிவிடுகிறாள். நின்று நின்று எனக்கு இடுப்புக்குக் கீழே கால் இருப்பதே தெரியவில்லை. அதே நேரம்தான் அவர்களுடைய வெளிச்ச நேரம். ஹலூக் ஐயா கரையில் படுத்துப் படம் எடுத்துவிட்டு எழுந்து வருகிறார்.

“அண்ணா, நாளைக்கும் இதே எடத்துல, இதே நேரத்துல நிறுத்துங்க. தலையக் குனியிறா பாருங்க, அதுதான் எனக்கு வேணும்.”

“அவளுக்கு வலிக்குதுங்க.”

“தெரியவே இல்லையே!”

“தெரியக் கூடாதுன்னுதாங்க நானும் இருக்கேன்.”

அவருக்குப் புரியவில்லை. “சரி, மந்தைய ஒரு ஓட்டம் விடுங்க” என்றார். “இந்த நேரத்துல முடியாது” என்றேன். “இந்த நேரத்துலதாண்ணா வெளிச்சம்” என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில், “வெளிச்சத்த நாளைக்கு மத்தியானம் வரச் சொல்லுங்க!” என்று கத்திவிட்டேன். அவர் நண்பர்கள் எல்லோரும் இப்போது மறுகரை ஸெக்கியின் மந்தைக்குப் போய்விட்டார்கள். போகட்டும்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். நீ தலையில் கல்லைத் தூக்கிப் போட்டாலும் வாங்கிக்கொள்கிறேன். பதில் மட்டும் எழுது.

யாகூப்


அக்டோபர் 30

யாகூப் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொட்டகைக்குப் போய் வைக்கோலைக் காலால் உதைத்தேன். கால்தான் வலித்தது.

மூட்டை வாயைக் கட்டாமல் வைப்பது உங்களுக்குப் புதிதில்லை. உப்பு ஜாடியை மூடினீர்களா? கோழிக்கூட்டுக் கதவை என்றைக்காவது சாத்தினீர்களா? எத்தனை வருஷம் உங்கள் பின்னாலேயே வந்து மூடி வைத்துக்கொண்டிருந்தேன்! ஒரே ஒரு நாள் கோபித்துக்கொண்டு போனேன், அன்றைக்குத்தானா?

சரி. துர்சுனிடம் ஒரு மூட்டை கொடுத்தனுப்பியிருக்கிறேன். இதைத் தூவிவிடாதீர்கள், இது மாவில்லை. ஆட்டு ரோமத்தை அடித்துக் கம்பளம் செய்கிறவரிடம் சொல்லித் தடித்த கம்பளித் துண்டு வாங்கி, என் கையால் வெட்டித் தைத்த குளம்பு உறைகள். உள்ளே மூன்று அடுக்கு வைத்திருக்கிறேன், குதிகால் பக்கம் நான்கு. தண்ணீரிலிருந்து ஏறியதும் குளம்பைத் துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டுக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள். வைக்கோல் மட்டும் போடுங்கள், அதையும் நனைத்துப் போடுங்கள். தானியம் ஒரு பிடிகூடக் கூடாது. பாவமாகப் பார்ப்பாள். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.

அதே மூட்டையில் என் அப்பாவின் ரப்பர் பூட்ஸ் இருக்கிறது, தொடை வரைக்கும் வருவது. மீன் பிடிக்க வைத்திருந்தார். உங்களுக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். காலுறையை இரண்டாகப் போடுங்கள். காலுறைகள், கடைசியாகச் சொல்கிறேன், திரைச்சீலைப் பெட்டியில் திரைச்சீலைக்கு அடியில் இருக்கின்றன.

திரும்பியே பார்க்கமாட்டேன் என்று சொன்னது நான்தான். இப்போது ராத்திரியும் பகலும் அந்தப் பக்கமாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மலை மறைக்கிறது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வருகிறது, எதை முதலில் செய்வதென்று தெரியவில்லை. ஆனால் வரமாட்டேன். வந்தால் உங்களை அந்த ஓடையில் முக்கிவிடுவேன், அப்புறம் அவளுக்குக் கயிறு பிடிக்க ஆள் இருக்காது.

நடக்கிறாளா என்று எழுதுங்கள். நடக்காவிட்டாலும் எழுதுங்கள். படம் அனுப்பாதீர்கள்.

குல்சும்


நவம்பர் 6

குல்சும்,

பூட்ஸ் பெரிதுதான். உள்ளே தண்ணீர் போய்விட்டால் வாளி மாதிரி நிற்கிறது. இருந்தாலும் கால் இருப்பது இப்போது தெரிகிறது.

இரண்டு நாள் உறைபனி விழுந்தது. தரை கல்லாகிவிட்டது. டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டு நான் குடிசைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. துர்சுன் வந்து வாசலில் நின்று தலையைச் சொறிந்துவிட்டுப் போனான். அப்புறம் நேற்று, உப்புக்கண்டம் போடுகிற பஸ்தர்மா வெயில் வந்துவிட்டது. ஊரில் எல்லோரும் இறைச்சியைக் காயப்போடக் கொடி கட்டினார்கள். தரை மேலாக இளகியது.

சாயங்காலம் ஓடையில் நின்றோம். ஏறினோம். துடைத்தேன், உறையைக் கட்டினேன். கயிற்றை நாணலில் சுற்றிவிட்டுப் பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். ஆமாம், கயிற்றைச் சரியாகக் கட்டவில்லை, தெரியும், எழுதாதே. வெறும் காலோடு தேடிக்கொண்டு ஓடினேன். எங்கே போயிருந்தாள் தெரியுமா? தானாகவே நடந்து, மேட்டில் ஏறி, நம் முற்றத்துக்கு வந்து, சாமான் அறைக் கதவுக்கு முன்னால் நிற்கிறாள்! கதவு இடுக்கில் மூக்கை வைத்து முகர்ந்துகொண்டிருக்கிறாள். நான்கு காலிலும் சமமாக நிற்கிறாள், குல்சும். முன்னங்காலை நீட்டவில்லை. வெட்கங்கெட்ட ஜென்மம்! நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். பெத்ரியே பார்த்துவிட்டாள், இந்நேரம் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும்.

டாக்டர் இன்று வந்து பார்த்தார். இந்தக் குளிர்காலம் வெளியே விடக் கூடாது, கொட்டகையில் வைத்துப் பார்க்க வேண்டும், ஆனால் பிழைத்துக்கொள்வாள் என்றார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இத யாரு தச்சது?” என்று கேட்டார். சொன்னேன்.

இன்னொன்று. ஹலூக் ஐயா போன் செய்தார். மண் ஆராய்ச்சிக்காரர் பதில் சொல்லிவிட்டாராம்.

“அண்ணா, அது கோதுமைங்குறாரு!”

“ஆமாங்க. நல்ல கோதுமை. எம் பொண்டாட்டி வயல்ல வெளஞ்சது.”

பிறகு எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன், மருதாணியைப் பற்றியும் சொன்னேன். மனிதர் ஆடிப்போய்விட்டார். கண்காட்சிப் படத்துக்கு ‘அமைதி’ என்ற பெயரை எடுத்துவிடுகிறாராம். வேறு பெயர் யோசிக்கிறாராம். “அக்காவுக்கு நான் என்ன செய்யட்டும்? மாவு அனுப்பட்டுமா? கேட்டுச் சொல்லுங்கண்ணா” என்றார். என்ன சொல்லட்டும்?

நீ வருவாயா என்று நான் கேட்கவில்லை. சாமான் அறை பூட்டியே இருக்கிறது என்று மட்டும் எழுதுகிறேன்.

யாகூப்


நவம்பர் 8

யாகூப் அவர்களுக்கு,

சனிக்கிழமை துர்சுன் வண்டியில் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை யுஃப்கா தேய்க்க வரச் சொல்லிப் பெத்ரியேவிடம் சொல்லிவையுங்கள். அந்த இரண்டு மூட்டையில் எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான் இந்த வருஷம். அடுப்புக்குப் பக்கத்தில் நீங்களும் துர்சுனும் உட்கார்ந்து ரொட்டியைத் திருப்பிப் போடுவீர்கள். பெண்கள் உங்களைப் பார்த்துச் சாயங்காலம் வரைக்கும் சிரிப்பார்கள். நான் தடுக்கமாட்டேன். சல்லடையை இப்போதே கழுவிவையுங்கள்.

மருதாணியைச் சாமான் அறைப் பக்கம் விடாதீர்கள். கயிற்றைக் கட்டும்போது இழுத்துப் பாருங்கள். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

ஹலூக் ஐயாவுக்கு மாவெல்லாம் வேண்டாம் என்று சொல்லுங்கள். கடை மாவில் என்ன ருசி இருக்கிறது? அந்த ஓடைப் படம் மட்டும் ஒன்று வேண்டும், பெரியதாக, சமையலறைச் சுவருக்கு. என் படத்தில் ஓரத்தை வெட்ட வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். குதிரையை நான் தினமும் முற்றத்தில் பார்க்கத்தான் போகிறேன். எனக்கு அந்தக் கால் வேண்டும்.

குல்சும்